விமான முன்கண்ணாடியை எதைக் கொண்டு துடைப்பது? சென்னைத் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஏற்ற ஓர் ஒப்பீடு

சின்ன விமானம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கைக்கு வந்தால், முதல் வாரமே இந்தக் கேள்வி எழும். முன்கண்ணாடியை எதைப் போட்டுத் துடைப்பது? ஹேங்கரில், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகையில், கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் ஷாம்பு தண்ணீர் போதும் என்பார். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்பிரே டப்பாவை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். இன்னொருவர் மரச் சாமானுக்கு அடிக்கிற பாலிஷ்தான் சரி என்று சத்தியம் செய்வார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே வேலைக்கானவை இல்லை. அதோடு நம் ஊர் உப்புத் தண்ணீரையும் கடல் காற்றையும் கணக்கில் சேர்த்தால், எது முதலில் எது கடைசியில் என்ற வரிசை மாறிவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான வேலைக்கு மைல்டான சோப்பும் நல்ல தண்ணீரும். இரண்டு பறத்தலுக்கு நடுவில் அவசரத்துக்கு விமானத்துக்கென்றே செய்த பிளாஸ்டிக் கிளீனர். அவ்வப்போது மெல்லிய மெழுகுப் பூச்சு. எண்ணெய்க் கறைக்கு மட்டும், கொஞ்சமாக, வெள்ளை மண்ணெண்ணெய். மற்ற எதையும் விமானத்தின் பக்கம் கொண்டுவர வேண்டாம். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். விமானப் பராமரிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கும் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில், கண்ணாடியா பிளாஸ்டிக்கா?

செஸ்னா 152, 172, பைப்பர் மாதிரியான பயிற்சி விமானங்களின் முன்பக்கம் இருப்பது அக்ரிலிக். 1930-களிலிருந்து பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களில் வருவது அதுதான். கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும், வளைத்துச் செய்யலாம், நன்றாகத் தெளிவாகவும் தெரியும். அதற்குப் பலவீனம் இரண்டு. ஒன்று, மேற்பரப்பு மென்மையானது, சட்டென்று கீறல் விழும். இரண்டு, சில திரவங்கள் பட்டால் மெல்லிய இழை இழையாக வெடிப்பு விடும்.

மைக்ரோலைட் என்கிற மிகச் சின்ன, எடை குறைந்த விமானங்கள் சிலவற்றில் பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக் இருக்கும். அடி தாங்குவதில் அக்ரிலிக்கை விட எவ்வளவோ மேல். ஆனால் ரசாயனம் தாங்குவதில் அதைவிடவும் மோசம். எரிபொருள் சிந்திய இடத்தில், திருகு இறுக்கிய ஓரத்தில், விரிசல் விட்டுவிடும்.

பெரிய ஜெட் விமானங்களின் கதை வேறு. முன்னால் இருப்பது பல அடுக்குக் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் அடுக்கு, கூடவே மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய படலம். பனி பிடிக்காமல் இருக்க மட்டும் அந்தச் சூடு இல்லை. நடு அடுக்கு இளக்கமாக இருந்தால்தான் பறவை மோதும்போது அடியைத் தாங்கும். இன்னொரு விஷயம், சில விமானங்களில் முன்பக்கம் கண்ணாடியாகவும் பக்கத்துச் சன்னல் அக்ரிலிக்காகவும் இருக்கும். முன்னால் போட்டதையே பக்கத்திலும் போட்டுத் தேய்த்தால் கெட்டது. அதனால் பாட்டிலைத் திறக்கும் முன் அந்த விமானத்தின் கையேட்டைத் திறக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் இனி நான் பேசப்போவது பெரும்பாலும் அக்ரிலிக்கைப் பற்றித்தான். வேலையும் அதில்தான் அதிகம், சேதமும் அதில்தான் அதிகம்.

வெடிப்பு என்று சொன்னேனே, அதை எப்படிப் பார்ப்பது? விமானி இருக்கையில் உட்கார்ந்து, வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், தலையைக் கொஞ்சம் அசைத்து அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஒன்றுமே தெரியாது. இன்னொரு கோணத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி மெல்லிய இழைகள் கூட்டமாக மின்னும். நகத்தால் தடவினால் தட்டுப்படாது. பெரும்பாலும் ஓரத்தில், திருகுத் துளையைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். அதற்குக் காரணம் உண்டு. சூட்டில் அக்ரிலிக் விரிவது அலுமினியம் விரிவதைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. அக்னி நட்சத்திரத்தில் வெட்டவெளியில் நிற்கும் விமானத்தில், ஓரங்களில் இறுக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் தப்பான திரவம் ஓரத்து இடுக்கில் இறங்கி நின்றால், இறுக்கமும் ரசாயனமும் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும். துடைத்த அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். வெடிப்பு தெரிய நாளாகும். அதனாலேயே தப்பு செய்தவர் யாரென்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

உடனே கழித்துக்கட்ட வேண்டியவை

வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அடிக்கிற நீல ஸ்பிரே வேண்டாம். இந்த வகைகளில் பெரும்பாலும் அமோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். கூடவே வருகிற செய்தித்தாள் வைத்தியமும் வேண்டாம். வீட்டுக் கண்ணாடிக்கு அது சரி, அக்ரிலிக்குக் காகித நாரே கீறல்தான். டிஷ்யூ பேப்பருக்கும் இதே பதில்.

செஸ்னா கையேடு எவற்றையெல்லாம் தொடக்கூடாது என்கிறது தெரியுமா? பெட்ரோல், பென்சீன், ஆல்கஹால், அசிட்டோன், கார்பன் டெட்ராகுளோரைடு, தீயணைப்பான் திரவம், பனி நீக்கும் திரவம், லேக்கர் தின்னர், கண்ணாடி கிளீனர். ஆல்கஹால் இந்தப் பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொரோனா காலத்தில் காக்பிட்டுக்குள் சானிடைசர் வந்தது, அதன் பிறகு போகவேயில்லை. கையில் தடவிக்கொண்டு, அது காயும் முன்னே பக்கத்துச் சன்னலைப் பிடிப்பதும், சானிடைசர் துணியாலேயே உள்பக்கத்தைத் துடைப்பதும் சகஜமாகிவிட்டது. உள்பக்கமும் அதே அக்ரிலிக்தான். கையைத் துடையுங்கள், காய விடுங்கள், அப்புறம் எதையும் தொடுங்கள்.

கார் உலகத்திலிருந்து வருகிற மழைநீர் விலக்கித் திரவங்களும் இதே கணக்குத்தான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்தக் கடையில் கேட்டாலும் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது கார் கண்ணாடிக்காகச் செய்தது. பிளாஸ்டிக்குக்கான தனி வகை என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம்.

பெட்ரோல் கூடாது, மண்ணெண்ணெய் கூடுமா?

இதைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். ஆனால் பைப்பர் கையேடு எண்ணெய்ப் பசைக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத்தான் சொல்கிறது. செஸ்னா கையேடு ஸ்டாடர்டு சால்வென்ட் என்கிறது. அது மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து வருபவைதானே, பெட்ரோல் மட்டும் என்ன பாவம் செய்தது என்றால், அதிலுள்ள பென்சீன், டொலுயீன் வகையறாக்கள்தான் அக்ரிலிக்கைத் தாக்குபவை. மண்ணெண்ணெயில் பெரும்பகுதி அப்படித் தாக்காத ஹைட்ரோகார்பன்கள்.

ஆனாலும் இதை நான் கடைசி ஆயுதமாகத்தான் வைப்பேன். ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெயில் சாயம் கலந்திருக்கிறது, அது வேண்டாம். வெள்ளை மண்ணெண்ணெய் கிடைத்தால், துணியின் ஒரு மூலையை மட்டும் ஈரமாக்கி, கறை இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். உடனே சோப்புத் தண்ணீர். வண்டியிலிருந்து வடித்த விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதானே என்று ஜெட் எரிபொருளை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையேட்டில் அது இல்லை. இல்லையென்றால் இல்லை.

அதோடு ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? புரொப்பல்லரிலிருந்து கிரீஸ் தெறிக்கலாம், எஞ்சின் பக்கமிருந்து எண்ணெய் கசியலாம். ஒவ்வொரு முறை இறங்கியதும் கறை இருந்தால் அது துடைக்கிற விஷயமே இல்லை, பொறியாளரிடம் சொல்ல வேண்டிய விஷயம். சொல்லாமல் துடைத்து வைத்தால் ஒரு தடயத்தை அழித்ததாகத்தான் ஆகும்.

சோப்பும் தண்ணீரும்: சாதாரணமாகத் தெரியும், ஆனால் எல்லாம் தண்ணீரில்தான்

இதுதான் என் முதல் தேர்வு. கீறல் விழுவது துணியால் இல்லை, துணிக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மணல் துகளால். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை பாறையைச் சார்னகைட் என்பார்கள். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனதால் அந்தப் பாறைக்கே அந்தப் பெயர் வந்தது. அதில் குவார்ட்ஸ் தாராளமாக உண்டு, குவார்ட்ஸின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. அக்ரிலிக் அதில் பாதிக்குக்கூட வராது. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே அந்த மலை நிற்கும்போது, இறக்கையில் படிகிற தூசியை விரலால் தேய்த்துப் பார்த்தாலே நறநறக்கும். இந்தத் தூசியைத் தேய்க்காமல் அகற்றக்கூடியது ஓடுகிற தண்ணீர் ஒன்றுதான். எந்த ஸ்பிரேயும் அதைச் செய்யாது.

சரி, எந்தத் தண்ணீர்? சென்னையில் இதுதான் நிஜமான கேள்வி. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, கடலோரப் பக்கம் இன்னும் மோசம். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு முன்கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டு காய்ந்த இடத்திலும் வட்டமாக உட்காரும். அதைப் போக்கத் தேய்ப்போம், தேய்த்தால் அந்த உப்பே கீறும். அதனால் போர் தண்ணீரில் கழுவுவதானால் அது முதல் அலசலுக்கு மட்டும், காயவும் விடக்கூடாது. மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் சிறப்பு. அது இல்லையென்றால் ஆர்.ஓ. கேன் தண்ணீர். முன்கண்ணாடி ஒன்றின் கடைசி அலசலுக்குக் கொஞ்சம்தான் செலவாகும். ஏ.சி. தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிற பழக்கமும் நம் ஊரில் உண்டு. உப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அது தூசி படிந்த தகடுகளில் வழிந்து, பாசி பிடித்த தட்டில் தேங்கி வருகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

சோப்பு என்றால் குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு, அல்லது பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. பவுடர், சோப்புக் கட்டி, எலுமிச்சைச் சக்தி என்று கூவுகிற எதுவும் வேண்டாம். இயற்கை வழி என்று சீயக்காய்த் தூளைச் சொன்னவரும் உண்டு. தலைக்குப் போடுங்கள், விமானத்துக்கு வேண்டாம். அது தூள்.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை, ஆனால் வரிசை முக்கியம். விமானத்தை நிழலுக்குத் தள்ளி, கைவைத்துப் பார்த்தால் சூடில்லை என்கிற அளவுக்கு ஆற விடுங்கள். சூடான அக்ரிலிக்கில் சோப்புத் தண்ணீர் ஊற்றியவுடனே காய்ந்து படலமாகிவிடும். விமானத்தின் வேகத்தையும் உயரத்தையும் அளக்கக் காற்றழுத்தத்தை உள்ளே வாங்கும் பிட்டோ குழாய்க்கும் ஸ்டாட்டிக் துளைக்கும் தண்ணீர் போகாமல் மூடுங்கள். வேலை முடிந்ததும் மூடியை எடுக்க மறந்தால் காற்றுவேக மானி பொய் சொல்லும், அது வேறு ஆபத்து. அப்புறம்தான் தண்ணீர். மேலிருந்து கீழாகத் தாராளமாக ஊற்றுங்கள், அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம்.

பழைய மெக்கானிக் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவனிடம் முதல் நாள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பையன் துணியை எடுத்தான். "தம்பி, துணி அப்புறம். மொதல்ல மோதிரத்தக் கழட்டு, வாட்ச்சக் கழட்டு. தண்ணி ஓடும்போதே வெறுங்கையால தடவு." "கையாலயா அண்ணே?" "ஆமாண்டா. துணிக்கு மண்ணு தெரியாது. கைக்குத் தெரியும்." அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்பு நூல்களும் வெறுங்கையை ஒரு வழியாகச் சொல்கின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் நுனியால் தடவினால் ஒட்டியிருக்கும் ஒரு துகள் கூடத் தட்டுப்படும். அதை அங்கேயே நீர் கொண்டுபோய்விடும். கை முழுக்க வழவழவென்று ஓடிய பிறகுதான் துணி, அதுவும் சோப்புத் தண்ணீரில் ஊறிய துணி.

செத்துப்போன பூச்சிகளை நகத்தால் சுரண்டவே கூடாது. ஈரத்துணியை அதன்மேல் ஒட்ட வைத்து பத்து நிமிடம் விட்டுவிடுங்கள், ஊறித் தானாக வரும். இறங்கிய உடனே செய்தால் பாதி வேலை. மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசல் சீசனில் இதை அடுத்த நாளைக்குத் தள்ளிப்போட்டால் கோந்து மாதிரி இறுகிவிடும்.

தேய்ப்பது நேர்க்கோட்டில், மேலிருந்து கீழாக. வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஏனென்றால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். வட்டக் கீறல்கள் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் அதைப் பிடித்துச் சிதறடித்து, சூரியனைச் சுற்றி ஓர் ஒளிவளையமாகக் காட்டும். மீனம்பாக்கத்தின் 25-ஆம் ஓடுபாதை மேற்கு தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. மார்கழியில் சூரியன் மறைவதும் கிட்டத்தட்ட அதே திசையில்தான். காற்றின் திசையால் 25-இல் இறங்க வேண்டி வந்த ஒரு மார்கழி மாலையில், வட்டம் வட்டமாகத் தேய்த்த முன்கண்ணாடி வழியாக இறங்கிப் பாருங்கள். ஓடுபாதை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லும் எச்சரிக்கைகளின் அர்த்தம் அந்தச் சில நொடிகளில் புரிந்துவிடும்.

காயவைப்பதற்கும் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், அது சுற்றிலும் இருக்கிற தூசியை இழுத்து ஒட்டவைக்கும். பிழிந்த ஷாமாய் (தண்ணீரை உறிஞ்சும் மென்மையான தோல்) அல்லது லேசான ஈரமுள்ள மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுப்பதே போதும்.

இந்த ஊருக்கென்றே இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. மார்கழி, தை விடியலில் முன்கண்ணாடி முழுக்கப் பனித்துளி இருக்கும். கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுக்கத் தோன்றும். ராத்திரி படிந்த தூசி அந்தத் துளிக்குள்தான் இருக்கிறது, அதனால் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். இன்னொன்று போகி. அன்று விடியற்காலைப் புகையில் விமானங்களே தாமதமான வருடங்கள் உண்டு. அந்தப் புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்கோடு படியும், வெறும் தண்ணீருக்கு மசியாது, சோப்பு அவசியம்.

விமான பிளாஸ்டிக் கிளீனர்: நல்லது, ஆனால் சோம்பேறித்தனத்துக்கு இல்லை

பிளெக்ஸஸ், பிரிஸ்ட் மாதிரி டப்பாக்கள் இருக்கின்றன. செஸ்னா கையேடே முதலில் சொல்வது விமான முன்கண்ணாடிக் கிளீனரைத்தான். அப்படியிருக்க நான் ஏன் சோப்பை முன்னால் வைத்தேன்? கையேடு எழுதியவர் நம் ஊர்த் தூசியை நினைத்து எழுதவில்லை. இந்த ஸ்பிரேக்கள் பிசுக்கை எடுப்பதிலும், நிலைமின்சாரத்தைக் குறைப்பதிலும், மெல்லிய பளபளப்பு விடுவதிலும் கெட்டி. தண்ணீர் வசதி இல்லாத இடத்தில், அடுத்த பயிற்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, நாலு பூச்சிக் கறையை எடுக்க இதை விட்டால் வேறு வழியில்லை. உள்பக்கத்துக்கும் இதுதான் வசதி. காக்பிட்டுக்குள் வாளித் தண்ணீர் ஊற்ற முடியாதே, அங்கேதான் ரேடியோவும் கருவிகளும் இருக்கின்றன. அங்கேயும் துணியில் அடித்துத் துடையுங்கள், கண்ணாடிமேல் நேராக அடிக்க வேண்டாம். ஓரத்து இடுக்கில் இறங்காமல் இருக்கும்.

குறை எங்கே என்றால், தூசியின் மேலேயே அடித்துத் தேய்க்கத் தூண்டுவதில்தான். மணல் மேல் என்ன அடித்தாலும் அது மணல். விலையும் கொஞ்சம் கடிக்கும். ஏரோசால் டப்பா ஆபத்தான சரக்கு என்ற வகையில் வருவதால் விமான கூரியரில் சும்மா அனுப்பிவிட முடியாது, அதனால் இங்கே வந்து சேர்வதற்குள் செலவு ஏறிவிடும்.

மரச்சாமான் பாலிஷ் ஸ்பிரே வெளிநாட்டில் விமானம் வைத்திருப்பவர்கள் பலர் பல வருடமாக அடித்துவரும் விஷயம். நன்றாகவே பளபளக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர் அதை அக்ரிலிக்குக்காக விற்கவில்லை, உள்ளே இருப்பதை நாளைக்கே மாற்றினாலும் நம்மிடம் சொல்லப்போவதில்லை. சிலிக்கான் கலந்ததாக இருந்தால் பெயிண்ட் விளிம்பில் படியும், பிறகு அங்கே மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது குழி குழியாக விழும். சொந்த விமானம் என்றால் உங்கள் இஷ்டம். பயிற்சிப் பள்ளி விமானத்தில் முடிவெடுப்பது நீங்கள் இல்லை.

மெழுகு

கையேடுகள் இரண்டும் ஒத்துப்போகிற இடம் இது. கழுவிக் காய்ந்த பிறகு நல்ல கெட்டி மெழுகை மெல்லியதாகப் பூசி, ஃப்ளானல் துணியால் கையாலேயே துடைத்தெடுக்க வேண்டும். சின்னக் கீறல்களை நிரப்பும், அடுத்த கீறலைத் தடுக்கும். செஸ்னா மாதிரி விமானங்களில் வைப்பர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு காற்றில் ஓடுவது மெழுகு இருந்தால்தான் நன்றாக நடக்கும். கீறல் நீக்கும் பொடி கலந்த கார் பாலிஷை மெழுகு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

துணி: பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம்

எந்தப் பட்டறையிலும் மூலையில் ஒரு சாக்கு இருக்கும், திருப்பூர் பனியன் வேஸ்ட். எஞ்சினுக்கும் தரைக்கும் அதைப் போல ஒன்று கிடையாது. முன்கண்ணாடிக்கு அதைப் போல எதிரியும் கிடையாது. ஒரு துண்டை விரித்துப் பாருங்கள். ஓரத்தில் தடித்த தையல், நடுவில் காய்ந்துபோன பிரிண்ட், சாக்குக்குள்ளேயே ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள்.

ஃப்ளானல் நல்லது, சுத்தமான பருத்திப் பழந்துணியும் நல்லது. மைக்ரோஃபைபர் பிசுக்கை நன்றாக எடுக்கும். ஆனால் மணலையும் அதேபோல நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரையில் விழுந்த மைக்ரோஃபைபரை உதறிவிட்டு மறுபடி எடுப்பது நடக்கக்கூடாத விஷயம். அது அந்த நிமிடமே சக்கரம் துடைக்கிற துணியாகிவிட்டது. முன்கண்ணாடித் துணிகளைத் தனியாக, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் இல்லாமல் துவைத்து, மூடிய பையில் தனியாக வையுங்கள். பைமேல் பெரிதாக எழுதியும் வையுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் அதில் ஆயில் இருக்கும்.

மூடி வைப்பதா, விட்டுவிடுவதா?

ஹேங்கர் கிடைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. வெளியில்தான் நிற்க வேண்டும் என்றால் தயங்க வேண்டியிருக்கிறது. உறைபனி மழை வரும் என்றாலொழிய கான்வாஸ் உறை போடாதே என்கிறது செஸ்னா கையேடு. நமக்கு உறைபனி மழை வரப்போவதில்லை. மத்தியானம் கடல் காற்று கிளம்பியதும் தளர்வான உறை படபடவென்று அடித்துக்கொண்டு, அடியில் இருக்கிற தூசியை நாள் முழுக்க அரைக்கும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் மூடாமல் விட்டால் கருவிகளும் வேகும். மென்மையான உள்துணி வைத்து, இழுத்துக் கட்டக்கூடிய, விமானத்துக்கென்றே தைத்த உறை என்றால் சம்மதம். அதுவும் கழுவிய முன்கண்ணாடி மேல்தான் போட வேண்டும், உறையையும் அடிக்கடி துவைக்க வேண்டும். உள்ளே ஒட்டுகிற வெள்ளி நிற வெயில் தடுப்பை அக்ரிலிக்கோடு ஒட்டினாற்போல வைத்தால் நடுவில் சூடு தேங்கும். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பிக்கும் பொருள். கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

கீறல் விழுந்த பிறகு

நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டாத கீறல் என்றால் மெழுகு போட்டு விட்டுவிடலாம். தட்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மைக்ரோ மெஷ் மாதிரி தேய்ப்புத் தாள் தொகுப்புகளில் சொரசொரப்பு எண் 1500-இல் தொடங்கி 12000 வரை ஏற ஏற, தாள் படிப்படியாக மென்மையாகிக்கொண்டே போகும். பொறுமை இருந்தால் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் கீறலை எடுப்பது என்றால் அதைச் சுற்றியுள்ள அக்ரிலிக்கைச் சீவுவதுதான். தடிமன் குறையும், ஒரே இடத்தில் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, ஓடுபாதையின் கோடு அலை அலையாகத் தெரியும். விமானியின் நேர்ப்பார்வையில் அப்படி ஒரு அலை இருப்பதற்குப் பழைய கீறலே மேல். டிரில்லில் பஃப் மாட்டித் தேய்ப்பது சூட்டிலேயே கெடுத்துவிடும். எவ்வளவு தடிமன் மிஞ்ச வேண்டும் என்பது பராமரிப்புக் கையேட்டில் இருக்கும், கையெழுத்துப் போடப்போவதும் உரிமம் பெற்ற பொறியாளர்தான். வெடிப்பு இழைகள் பார்வையில் பட ஆரம்பித்துவிட்டால் புதிதாக மாற்றுவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பாலிஷுக்குச் செலவழித்து மாற்றுவதைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை.

துடைக்கிற வேலைக்கு ஒரு உபரி லாபமும் உண்டு. அவ்வளவு கிட்டே போய் யாரும் முன்கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஓரத்தை அடைத்திருக்கும் சீலன்ட் உரிந்திருக்கிறதா, அடுக்குகளுக்குள் ஈரம், குமிழி தெரிகிறதா என்பதை அப்போதே பாருங்கள். பெரிய விமானங்களில் இது இன்னும் முக்கியம். 2018 மே 14 அன்று சிச்சுவான் ஏர்லைன்ஸின் ஏ319 ஒன்றின் வலது முன்கண்ணாடி நடுவானில் உடைந்து பறந்தது. சீல் சேதமாகி ஈரம் உள்ளே இறங்கி, சூடேற்றும் மின்கம்பி நனைந்து, மின்பொறி ஏற்பட்டிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அந்தச் சீல் ஓரங்களில் பிரஷர் வாஷரை நீட்டுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கண்ணாடிதானே, கெட்டியானதுதானே என்று பெரிய விமானத்தில் சுரண்டுகிற பொருளைப் போடுவதும் கூடாது. மழைநீர் வழுக்க மேலே பூசியிருக்கும் பூச்சு அதோடு போய்விடும்.

வாங்க வேண்டிய சாமானைச் சொல்லி முடிக்கிறேன். மருந்துக் கடையில் குழந்தை ஷாம்பு, பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர், ஒரு நல்ல ஷாமாய், நாலைந்து ஃப்ளானல் துண்டு, ஒரு கெட்டி மெழுகு டப்பா. விமான கிளீனர் வாங்கக் காசிருந்தால் ஒரே ஒரு டப்பா போதும். அதன் பின்பக்கத்தில் அக்ரிலிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் உங்கள் விமானத்தில் இருப்பது அதுதானா என்று கையேட்டில் சரிபார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.